கசடில்லா ஆண்டு

முலாம் வாரியத்தின் ஆலையில் கசடண்ணனைத் தெரியாதவர் யாருமில்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள ஜன்னலில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்போதும் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் அது தன்னைத்தான் என்று அவருக்கு உறைக்கும்.

அவர் வேலை கசடு அள்ளுவது. ஆலைக்கு வரும் இரும்புக் கம்பங்களும் வேலித் தூண்களும் முதலில் அமிலத்தில் முங்கி அழுக்குப் போக்கிக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசல் ஒன்றில் நனைந்து காயும். கடைசியாகக் கிரேனில் தொங்கியபடி, உருக்கிய துத்தநாகத் தொட்டிக்குள் இறங்கும். ஏறி வரும்போது உடம்பெல்லாம் முலாம் பூசிக்கொண்டு, இனி எனக்குத் துருவே கிடையாது என்கிற தோரணையில் வரும். துத்தநாகத்தை ஆலையில் எல்லோரும் ஜிங்க் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு கம்பமும் ஜிங்க்குக்குள் இறங்கும்போது தன் உடம்பிலிருந்து கொஞ்சம் இரும்பைக் கரைத்துவிட்டுப் போகும். அந்த இரும்பும் ஜிங்க்கும் கூடி, சேறு போலத் தொட்டியின் அடியில் தங்கும். அதுதான் கசடு. வாரக் கடைசியில் கிரேனை நிறுத்தி, தொட்டியை அலுங்காமல் ஓயவிட்டு, ஓட்டை போட்ட நீளக் கரண்டியால் அதை அள்ளி, நல்ல ஜிங்க் வடிந்ததும் வாளியில் கொட்ட வேண்டும். அள்ளாவிட்டால் அது கிளம்பிக் கம்பத்தில் பருப் பருவாக ஒட்டும். இன்னும் விட்டால் தொட்டிக்கே ஆகாது.

அத்தனை வருஷம் தொட்டியோரம் நின்றதில் கசடண்ணனுக்குச் சூடு தெரியாமல் போயிருந்தது. மனைவி அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் வாங்கிக் கீழே வைப்பார். சூடு மட்டும்தான் என்றில்லை. யாருக்காவது பதவி உயர்வு என்றாலும், யாராவது செத்துவிட்டார் என்றாலும், ‘அப்படியா’ என்பார். அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் அவரை நல்ல மனுஷன் என்றார்கள்.

வாரியத்துக்குப் புதிய தலைவர் வந்தார். வந்த வாரமே ஆலையைப் பார்க்க வந்தார். அவர் தொட்டியருகே வந்த நேரம், கசடண்ணன் கரண்டி நிறைய அள்ளி வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?” என்றார் தலைவர்.

“கசடுங்க.”

“எங்கேருந்து வருது?”

“தொட்டிலேருந்துங்க. அடியில தங்கும். அள்ளிப் போட்டுடுவோம்.”

“நம்ம தொட்டியிலேருந்தா?”

“நம்ம தொட்டிதாங்க.”

சொந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் கைவைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டவர் போலத் தலைவரின் முகம் சுண்டிப்போனது. அன்று மத்தியானமே ஆலை உணவகத்தில் மேசைகளை ஒதுக்கி எல்லோரையும் கூட்டினார்கள்.

“இதுக்கு முன்னாடி நான் குடிநீர்த் துறையில இருந்தேன்” என்று தொடங்கினார் தலைவர். “தண்ணியில கிருமி இருக்குன்னு தினமும் ஒரு புகார். ஏன் வருதுன்னு பார்த்தேன். தினமும் சோதனை பண்றாங்க, அதனால வருது. சோதனையை நிறுத்தினேன். நான் அங்கே இருந்த வரைக்கும் ஒரு கிருமியைக்கூட யாரும் பார்க்கல. இங்கேயும் அதே வியாதிதான். அள்ள அள்ளக் கசடு வருது. அள்ளினாத்தானே வரும்? இந்த ஆண்டை நான் கசடில்லா ஆண்டா அறிவிக்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கசடண்ணனும் தட்டினார். தடித்த கையுறையைக் கழற்ற மறந்திருந்ததால் அவர் தட்டியது மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பெரிய இன்ஜினியர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. கசடண்ணனுக்கு அதுவும் தெரியவில்லை.

“உட்காருய்யா. இந்த மாசம் எவ்வளவு அள்ளுவ?”

“இருக்கிறதை அள்ளுவேன் சார்.”

“அங்கதான் தப்பு பண்ற. நீ அள்ளினா இருக்குன்னு ஆயிடும். வாரியத்துக்குக் கீழ இருக்கிற ஆலையிலேயே நம்மதுதான் ரொம்ப அழுக்கான ஆலைன்னு தலைவர் மேடையில காட்டறார். ஏன்? மத்தவங்க பாதி அள்றாங்க, நீ முழுசா அள்ற.”

“அப்ப நானும் பாதி அள்ளட்டுமா சார்?”

“நான் எதுவும் சொல்லல. உனக்கு வயசாகுது, கொஞ்சம் மெதுவா வேலை பாருன்னுதான் சொல்றேன்.”

கசடண்ணன் மெதுவாக வேலை பார்த்தார். கசடு பாதியாகக் குறைந்துவிட்டதாக ஆலைக்கு ஒரு கேடயம் வந்தது. அடுத்ததாகக் கால்வாசி அள்ளினார். பெரிய இன்ஜினியருக்குப் புதிய கார் வந்தது. அதற்கப்புறம் அள்ளவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீளக் கரண்டியைக் கழுவித் துடைத்து, வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். ‘நாம் கடந்து வந்த இருண்ட காலம்’ என்று அதன் கீழே எழுதியிருந்தது.

இல்லாத பொருளுக்கு ஒரு சொல் எதற்கு என்று கசடு என்ற சொல்லுக்கும் தடை வந்தது. உணவகத்தில் குழம்பின் அடியில் இருப்பதைக்கூடக் கேட்க முடியாமல், “அண்ணே, கொஞ்சம் கீழேருந்து போடுங்க” என்று ஜாடை காட்டினார்கள். பழக்கதோஷத்தில் ‘கசடண்ணே’ என்று கூப்பிட்ட கிரேன்காரருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அண்ணனுக்கு வாரியமே புதுப் பெயர் சூட்டியது: தெளிவண்ணன். பதவியும் மாறியது. தூய்மைக் கண்காணிப்பாளர் என்று சொல்லி வெள்ளை மேலங்கி ஒன்றும், கைவைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். நாற்காலியைத் தொட்டியோரத்தில் போட்டு, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

“என்ன பார்க்கணும் சார்?” என்று பெரிய இன்ஜினியரைக் கேட்டார்.

“தெளிவா இருக்கான்னு பாரு.”

“மேல தெளிவாத்தான் இருக்கு.”

“அவ்வளவுதான். உன் பார்வை அதுக்குக் கீழ போகக்கூடாது.”

வீட்டில் மனைவிக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. “கல்யாணமான நாள்லேருந்து இப்பதான் உங்க சட்டையில பொறி பட்டு ஓட்டை விழாம இருக்கு” என்றாள். அவளுடைய தம்பி அதே ஆலையில் பர்னர்காரன். தொட்டிக்குக் கீழே, பக்கவாட்டுப் பள்ளத்தில் நின்று, தொட்டிச் சுவருக்கு வெளியிலிருந்து நெருப்புக் கொடுக்கிற வேலை. தாய் தகப்பன் போன பிறகு அவனை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவன் சிரித்தான். “மாமா, நான் பள்ளத்துல வேகறேன், நீங்க மேல நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க. குடும்பமே முன்னேறிடுச்சு போங்க.”

“அப்படியா” என்றார் கசடண்ணன். உண்மையில் நாற்காலி அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. இடுப்புவலி நின்றிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பங்களில் பரு தோன்ற ஆரம்பித்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு அம்மை போட்டதுபோல் உடம்பு முழுக்க. சாலைத் துறையிலிருந்து ஒருவர் வந்து கம்பத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். தலைவர் நேரில் வந்தார். கம்பத்தைச் சுற்றி நடந்தார். தொடவில்லை.

“பூத்திருக்கு” என்றார். “வழவழன்னு இருக்கிற கம்பத்துல எவன் வேணும்னாலும் ஏறிடுவான். இதுல ஏற முடியுமா? இவர் கையே சாட்சி. இதுக்கு மணிமுலாம்னு பேர் வைங்க. விலையைக் கூட்டுங்க.”

சாலைத் துறைக்காரர் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கூடுதல் விலைக்கு வாங்கிப் போனார். அவருடைய துறையிலும் அது ஏதோ ஓர் ஆண்டாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வினை கிரேன்காரருக்கு வந்தது. முன்பெல்லாம் கம்பம் முழுசாக முங்கும். இப்போது இறக்கினால் பாதியிலேயே எதிலோ இடித்து நின்றது. மேலே ஜிங்க் கண்ணாடிபோல் மின்னியது. அடியில் மெத்தை போட்டதுபோல் கசடு உயர்ந்திருந்தது. கம்பத்தின் ஒரு பாதியை முக்கி எடுத்து, கழற்றி, திருப்பிக் கட்டி, மறு பாதியை முக்கினார்கள். நடுவில் ஒரு முழம் முலாம் இல்லாமல் துருப்பிடித்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கும் குழு வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தது.

மாதாந்திரக் கூட்டத்தில் தலைவர் மகிழ்ச்சியில் தழுதழுத்தார். “போன வருஷம் இந்தத் தொட்டியை நிரப்ப எவ்வளவு ஜிங்க் வாங்கினோம்! இந்த வருஷம் அதுல பாதிகூட வாங்கல. ஆனா தொட்டி விளிம்பு வரைக்கும் ததும்புது. எப்படின்னு இன்ஜினியர்களைக் கேட்டேன். அவங்களால விளக்க முடியல. விளக்க முடியாததைத்தான் நான் சாதனைன்னு சொல்றேன்.”

அவர் தொட்டியருகே போய் எட்டிப் பார்த்தார். ஜிங்க்கின் மேல் ஆடை போலப் படியும் சாம்பலை அவருக்காகவே அப்போதுதான் வழித்திருந்தார்கள். “என் முகம் தெரியுது. இதைவிடத் தூய்மைக்கு என்ன அத்தாட்சி வேணும்?” என்றார்.

அன்று சாப்பாட்டு வேளையில் மச்சினன் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

“மாமா, சுவரு செவக்குது.”

“எந்தச் சுவரு?”

“தொட்டிச் சுவருதான். அடிப்பக்கம். நெருப்பை எவ்வளவு ஏத்தினாலும் உள்ள சூடு போகமாட்டேங்குது, அந்தக் கருமம் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. மேல சூடு போதலன்னு இன்னும் ஏத்தச் சொல்றாங்க. இரும்பு தணல் மாதிரி செவந்து நிக்குது மாமா. நான் இதுவரைக்கும் இப்படிப் பார்த்ததில்ல.”

கசடண்ணன் எழுந்து பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே பெரிய இன்ஜினியரின் அறைக்குப் போனார். வெள்ளை மேலங்கி போட்டிருந்ததால் வாசலில் யாரும் தடுக்கவில்லை.

“சார், சுவரு செவந்திருக்கு.”

பெரிய இன்ஜினியர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

“தெரியும்யா” என்றார். “எனக்குத் தெரியாதா? நான் படிச்சு வந்ததே இதைத்தான். சுவரு இளைச்சுக்கிட்டு வருதுன்னு உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

“அப்ப நிறுத்திட்டு அள்ளிடலாமே சார்?”

“எதை அள்றது? இல்லாததையா? இங்க பாரு. இதை நான் போய்ச் சொன்னா நான் கசடு. நீ போய்ச் சொன்னா அது வதந்தி. தொட்டியே சொன்னாத்தான் அது விபத்து. விபத்துக்கு நம்ம வாரியத்துல தனிப் பிரிவே இருக்கு. கட்டடம், ஆளுங்க, வண்டி எல்லாம் இருக்கு. வர்றதுக்கு முன்னாடி தடுக்கிறதுக்குத்தான் பிரிவு இல்ல. இல்லாத பிரிவுக்கு நான் எப்படித் தகவல் சொல்றது?”

“என் மச்சினன் கீழ நிக்கிறான் சார்.”

“என் மருமகன் மேல தலைமை அலுவலகத்துல நிக்கிறான். எல்லாருக்கும் குடும்பம் இருக்குய்யா.”

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அதில் கசடண்ணனுக்குச் சந்தேகமில்லை. வருத்தப்படத் தெரிந்தவர் என்பதால்தான் அவரை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

கசடண்ணன் நேரே வரவேற்பறைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியின் சாவியைக் கேட்டார். சாவி விளம்பரப் பிரிவில் இருக்கிறது, விருந்தாளி வந்தால்தான் திறப்பார்கள் என்றாள் வரவேற்பறைப் பெண். அவர் திரும்பி வந்து, ஒரு பழைய பீப்பாய் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, நீளக் குழாயில் கட்டினார். கிரேன்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார், தொட்டி ஓய்ந்து கிடந்தது. மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அள்ளத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கட்டு நெகிழ்ந்து மூடி உள்ளேயே போய்விட்டது. ஒரு வாளிதான் தேறியது. அந்த வாளியோடுதான் அவரைப் பிடித்தார்கள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் விளம்பரப் பிரிவின் மேலாளர். ஒரு பக்கம் பெரிய இன்ஜினியர். அள்ளுவதில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்பதற்காக இன்னொரு பக்கம் உணவகப் பொறுப்பாளர். மேசைமேல் வாளி ஆறிக் கெட்டியாகிக் கிடந்தது.

“இதை எங்கேருந்து கொண்டு வந்தீங்க?” என்றார் மேலாளர்.

“தொட்டிலேருந்துங்க.”

“நம்ம தொட்டியில இது கிடையாது. அதுக்கு மூணு கேடயம் வாங்கியிருக்கோம். வேற இடம் சொல்லுங்க.”

“தொட்டிதாங்க.”

“ஏங்க, இல்லாத இடத்துலேருந்து எடுத்தேன்னு சொன்னா நாங்க எப்படிங்க எழுதறது? தொட்டியில இல்ல. ஆனா இங்க மேசைமேல இருக்கு. அப்படின்னா வெளியேருந்துதானே வந்திருக்கணும்? யார் கொடுத்து அனுப்பினாங்க? போட்டிக்காரங்களா?”

பெரிய இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உணவகப் பொறுப்பாளர் வாளியை முகர்ந்து பார்த்து, “நம்ம சமையல் இல்ல” என்று தன் கருத்தைப் பதிவு செய்தார்.

சாயங்காலம் வரை கேட்டார்கள். ‘தொட்டி’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் ‘வேற இடம்’ என்றார்கள். கடைசியில் கசடண்ணனுக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுப்பு ஒன்றுதான் இன்னும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்தது.

“வீட்லேருந்து கொண்டு வந்தேங்க.”

மூன்று பேரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார் மேலாளர், பரிவோடு. முதல் குற்றம் என்பதால் மன்னித்தார்கள். அவருடைய கசடை அவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று தீர்ப்பானது. வாசல்வரை இரண்டு காவலாளிகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்கள். பேருந்தில் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி கதவைத் திறந்ததும் வாளியைத்தான் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“நம்ம கசடாம்.”

“நம்மதா?”

“அப்படித்தான் முடிவாச்சு.”

அவள் நகர்ந்து வழிவிட்டாள். அவர் வாளியை இறக்கி வைத்ததும், “என் தம்பி சுவரு செவக்குதுன்னு சொன்னானே, அதுக்கு என்ன சொன்னாங்க?” என்றாள்.

“அதை யாரும் கேட்கல.”

“அவனை லீவு போடச் சொல்லட்டுமா?”

“கசடில்லா ஆண்டுல லீவு கிடையாது.”

ஆண்டு நிறைவு விழாவுக்கு ஆலை வளாகத்தில் பந்தல் போட்டார்கள். எல்லோரும் வர வேண்டும். ஆனால் உற்பத்தியும் நிற்கக்கூடாது. அதனால் கீழே பர்னர்காரனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “இந்த ஆண்டு முழுக்க நம்ம தொட்டி ஒரு வார்த்தை புகார் சொல்லல” என்று அவர் சொன்னபோது, ஆலைக்குள்ளிருந்து பெரிய மூட்டையை மாடியிலிருந்து போட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து நீண்ட ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. முன்வரிசையில் இருந்தவர்கள் அதைக் கைதட்டலுக்கான சைகை என்று நினைத்துத் தட்டினார்கள்.

கசடண்ணன் ஓடினார். தொட்டியின் அடிச்சுவர் கிழிந்து, ஜிங்க் பள்ளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஏணியின் பாதியில் மச்சினன் தொங்கிக்கொண்டிருந்தான். வலது கால் ஏணிப்படியில் இருந்தது. இடது கால் பூட்ஸுக்குள் ஜிங்க் புகுந்திருந்தது. கசடண்ணன் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். ஏணி சுட்டிருக்க வேண்டும். அவருடைய உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு போனதை மருத்துவமனையில் வேறொருவர் சொல்லித்தான் பார்த்தார்.

மச்சினனின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் இரும்பைத் தட்டிப் பார்த்து, “நம்ம முலாமா?” என்றார். இல்லை என்றார்கள். பிறகு மச்சினன் பக்கம் திரும்பி, “உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க” என்றார்.

“கால் சார்.”

“வாரியத்தோட வரம்புக்குள்ள கேளுங்க.”

வரம்புக்குள் என்ன இருக்கிறது என்று விபத்துப் பிரிவின் தலைவர் விளக்கினார். உற்சாகமான மனிதர். “எங்க பிரிவு மாதிரி வாரியத்துல எதுவும் இயங்காது. ஆறு மாசமா ஒண்ணுமே நடக்கலன்னு ஆளைக் குறைக்கப் பார்த்தாங்க. நல்லவேளை. சிகிச்சை, செயற்கைக் கால், உட்கார்ந்து பார்க்கிற வேலை எல்லாமே உண்டு. ஆனா விபத்துக்கு ஒரு காரணம் வேணும். காரணமில்லாத விபத்துக்கு நாங்க எதுவும் தர முடியாது.”

“கசடுதாங்க காரணம்” என்றாள் மனைவி.

“தொட்டியிலதான் அது கிடையாதேம்மா.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கண்ணைத் திறந்து, கைகள் இரண்டிலும் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த கசடண்ணனைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“ஆனா இவர் ஒரு வாளி வெளியேருந்து கொண்டு வந்ததா ஒத்துக்கிட்டிருக்கார், இல்லையா? சுத்தமான தொட்டி. அதுக்குள்ள அந்த வாளியிலேருந்து கொஞ்சம் சிந்தியிருந்தா? ஒரு துளி போதுமே. அப்ப காரணம் கிடைச்சிடுது. காரணம் கிடைச்சா கால் கிடைச்சிடுது.” அவர் கசடண்ணனின் தோளில் கைவைத்தார். “சிந்தினீங்கதானே?”

மச்சினன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். “மாமா, வேணாம்.”

கசடண்ணன் அவனைப் பார்த்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்கள் ஒவ்வொன்றும், இடுப்புவலி நின்ற அந்தச் சுகமும் நினைவுக்கு வந்தன. ஒரு விதத்தில் பார்த்தால் அது முழுப் பொய்யுமில்லை என்று பட்டது.

“சிந்தினேங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி அவருக்கு ஊட்டிவிட்டாள். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“என் தம்பி கால் போனதுக்கு நீங்கதான் காரணமான்னு பக்கத்து வீட்டுல வந்து கேக்கறாங்க” என்றாள்.

“என்ன சொன்ன?”

“ஆமான்னு சொன்னேன். இல்லைன்னு சொன்னா கால் வராதாமே.”

“ம்.”

அவள் அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினாள். அவர் அதை முழுங்கினார்.

உடைந்த தொட்டியை வெட்டி எடுத்தார்கள். உள்ளே கசடு, தொட்டியின் அச்சு மாறாமல், ஓர் ஆள் உயரத்துக்கு இறுகி நின்றது. அதைப் பெயர்க்க எந்த எந்திரத்தாலும் முடியவில்லை. பழைய ஆலையின் அஸ்திவாரம் என்று அதற்குப் பலகை வைத்து, பக்கத்திலேயே புதிய தொட்டியைக் கட்டினார்கள். பெரிய இன்ஜினியர் விபத்துப் பிரிவுக்குப் போய்விட்டார். அங்கே நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

கசடண்ணனை வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வாரியம் அப்படிச் செய்யவில்லை. கசடு வெளியிலிருந்துதான் வருகிறது என்று நிரூபணமாகிவிட்டது; அப்படியானால் வாசலில் தடுக்க வேண்டும்; அது எப்படி இருக்கும் என்று பார்த்தவர் வேண்டும். தலைவர் அவரையே தேர்ந்தெடுத்தார். “திருந்தினவனைவிடச் சிறந்த காவல் எது?” என்று கூட்டத்தில் கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இப்படியாகக் கசடண்ணன் ஆலை வாசலில் நிற்கிறார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அவர் குனிந்து பார்ப்பார்.

“இருக்கா?”

“இல்லண்ணே.”

“போ.”

உள்ளே புதிய தொட்டி எரிய ஆரம்பித்திருந்தது. கம்பங்கள் இறங்கி ஏறின. மச்சினன் செயற்கைக் காலோடு வரவேற்பறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுத்தான். அவன் இருந்த இடத்துக்கு வேறோர் ஆலையிலிருந்து ஒருவரை மாற்றல் செய்திருந்தார்கள். நடுத்தர வயது, தலையில் அங்கங்கே நரை. முதல் நாள் காலை அவர் வந்து வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டினார்.

கசடண்ணன் குனிந்தார். பெட்டிக்குள் பார்ப்பதுபோலவே, தலையைத் தூக்காமல், உதடு அசையாமல் பேசினார்.

“பர்னருக்கா?”

“ஆமாங்க.”

“சுவரு செவக்க ஆரம்பிச்சா யார்கிட்டயும் சொல்லப் போகாத. ஓடிடு.”

புதிய பர்னர்காரர் பெட்டியை மூடினார். அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

“அங்கயும் வாசல்ல ஒருத்தர் நின்னாரு. இதையேதான் சொன்னாரு” என்றார். “அதனாலதான் ரெண்டு காலோட வந்திருக்கேன்.”

“அப்படியா” என்றார் கசடண்ணன். பிறகு அடுத்தவரின் பெட்டிக்குக் குனிந்தார்.